மந்தம் மாணவருக்கா? வகுப்பறைக்கா?

– மூன்றாம் ஆண்டு மாணவி, அமைப்பியல் துறை

உணவு இல்லாமல் சில வாரம் இருக்கலாம். தண்ணீர் இல்லாமல் சில நாள் இருக்கலாம். காற்று இல்லாமல்? சில நிமிடம் கூட முடியாது! இது நாம் எல்லோரும் சின்ன வகுப்பிலேயே படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கி, மறந்தும் விட்ட செய்தி.

ஆனால் நண்பர்களே, ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்களா என்று கேட்கிறோம். சத்துணவில் முட்டை போட்டார்களா என்று கேட்கிறோம். கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்று கேட்கிறோம். வகுப்பறைக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று யாராவது, என்றைக்காவது கேட்டதுண்டா?

ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுமார் 11,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். எடைக்கு எடை பார்த்தால் குழந்தைகள் பெரியவர்களை விட அதிகமாகவே சுவாசிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 12,000 மணி நேரம் நாம் வகுப்பறைக் காற்றைத்தான் குடித்து வளர்ந்திருக்கிறோம். அந்தக் காற்றைப் பற்றி நாலு வார்த்தை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

அடைத்த அறையின் கணக்கு

எங்கள் துறையில் எதைச் சொன்னாலும், "கணக்குப் போட்டுக் காட்டு" என்பார்கள். சரி, போட்டுப் பார்ப்போம்.

20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு வகுப்பறை. மொத்தம் 4,000 கன அடி. அதாவது சுமார் 1,13,000 லிட்டர் காற்று. உள்ளே 40 மாணவர்கள். சும்மா உட்கார்ந்து பாடம் கேட்கும் ஒரு மாணவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். 40 பேருக்கு 600 லிட்டர்.

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்குதான். இதைத்தான் 420 பி.பி.எம். என்கிறோம். கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டால் அறைக்குள் இது மணிக்கு 5,300 பி.பி.எம். வீதம் ஏறும். 45 நிமிடப் பீரியட் முடியும்போது 4,400ஐத் தொட்டுவிடும். 1,000ஐத் தாண்ட ஏழு நிமிடம் கூட வேண்டாம். வாத்தியார் வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் தாண்டிவிடும்! நிஜ அறையில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்து போகும். அதனால் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் ஏறத்தான் செய்யும்.

அதென்ன 1,000 கணக்கு? 1858ஆம் ஆண்டில் மியூனிக் நகரைச் சேர்ந்த மாக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர், அறைக்குள் கரியமில வாயு 1,000 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்று சொன்னார். இந்த அளவில் அந்த வாயு விஷம் அல்ல என்பது அவருக்கும் தெரியும். மனிதர்கள் விட்ட மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று காட்டும் அளவுகோல் அது. அவ்வளவுதான்.

அந்த அளவுகோலை வைத்தே இன்னும் ஒரு கணக்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கரியமில வாயு இருக்கிறது. அப்படியானால் 4,400 பி.பி.எம். உள்ள அறையில் நாம் இழுக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே இன்னொருவர் நுரையீரலுக்குள் போய்த் திரும்பி வந்த காற்று! சளிக்காய்ச்சல், அம்மை, காசநோய், கொரோனா எல்லாம் இந்தப் பொதுக் காற்றில்தான் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கின்றன.

உடம்புக்கு மட்டும்தான் கேடா? 2012இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 22 பேரை 600, 1,000, 2,500 பி.பி.எம். அளவுகளில் உட்கார வைத்து, முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். 1,000இலேயே மதிப்பெண் குறைந்தது. 2,500இல் பல பிரிவுகளில் வெகுவாகச் சரிந்தது. சோதிக்கப்பட்டவர்கள் அதே ஆட்கள். மாறியது காற்று ஒன்றுதான்.

"உங்க வீட்ல யாரும் படிச்சதில்லையே..."

2019இல் நான் ஏழாம் வகுப்பு படித்தேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பழைய சாமான் அறையைக் காலி செய்து எங்களுக்கு வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். 50 பேருக்கு மேல் இருந்தோம். ஜன்னல் இரண்டு. இரண்டும் ரோட்டுப் பக்கம். பஸ் சத்தம் கேட்கிறது என்று இரண்டையும் மூடிவிடுவார்கள். மேலே இரண்டு ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வகுப்பே சாமியாடும்! கண்ணைச் சொருகிக்கொண்டு போகும். தலை கனக்கும். அப்படி ஒரு நாள் என்னை எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். பதில் வரவில்லை. அன்றைக்குக் காதில் விழுந்த வார்த்தை இன்னும் போகவில்லை. "உங்க வீட்ல யாரும் படிச்சதில்லையே... உனக்கு மட்டும் எங்கேர்ந்து ஏறும்?"

நானும் அதை நம்பினேன். வீட்டில் வந்து சொல்லக்கூட இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் முதல் தலைமுறைதான். அவர்களுக்கும் அதே வார்த்தைதான். ஒருத்தி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கேட்டால், "எனக்குப் படிப்பு மண்டையில ஏறல" என்றாள்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்காகத் திரும்பிப் போனோம். ஒரு அறைக்கு 20 பேர்தான். கதவும் ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. மத்தியான வகுப்பில் யாரும் சாமியாடவில்லை! ஒன்றரை வருடம் புத்தகத்தையே தொடாத பிள்ளைகள் விழித்திருந்து கேள்வி கேட்டார்கள். அதே பிள்ளைகள்தான். அதே வீடுகளில் இருந்து வந்தவர்கள்தான். எங்கள் அப்பா அம்மா அதற்குள் பட்டம் வாங்கிவிடவில்லை!

மத்தியானத் தூக்கத்துக்குக் காற்று மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சோறும் காரணம், ராத்திரி சரியாகத் தூங்காததும் காரணம், சில சமயம் பாடம் நடத்தும் விதமும் காரணம் (துறைத் தலைவர் மன்னிக்கவும்!). ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். சர்வே பிராக்டிகலில் அதே சோற்றைத் தின்றுவிட்டு உச்சி வெயிலில் ஸ்டாஃப் பிடித்து நிற்கிறோமே, அங்கே யாராவது தூங்கி விழுந்து பார்த்திருக்கிறீர்களா?

கொரோனா பயம் போனது. ஜன்னல்களும் பழையபடி மூடிக்கொண்டன. நோய்க்காகக் கற்றுக்கொண்ட நல்ல பாடத்தை நோயோடு சேர்த்தே அனுப்பிவிட்டோம்.

அப்பா சொன்ன பாடம்

என் அப்பா கொத்தனார். கையெழுத்து மட்டும் போடுவார். பாலிடெக்னிக்கில் பில்டிங் பாடத்தில் 'கிராஸ் வென்டிலேஷன்' படித்துவிட்டு ஒரு நாள் அவரிடம் பெருமையாக விளக்கினேன். சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இதுக்குப் போய் இங்கிலீசுல ஒரு பேராக்கும்? ஒரு பக்கம் காத்து வந்தா எதிர்ப்பக்கம் போக வழி வேணும் தாயி. போக வழி இல்லேன்னா வர்ற காத்தும் வாசல்லயே நின்னுக்கிரும். பஸ்ல பின்வாசல் வழியா ஆளு எறங்குனாத்தானே முன்வாசல் வழியா ஏற முடியும்?"

எந்தப் புத்தகத்திலும் இதை விட எளிதாக நான் படித்ததில்லை! தொடர்ந்து அவரே சொன்னார்: "முன்னாடியெல்லாம் ஜன்னலுக்கு மேல, கூரைக்குக் கிட்டத்துல வெண்டிலேட்டர் வைக்காம செவுரு எழுப்ப மாட்டோம். சூட்டுக் காத்து மேல ஏறி அது வழியாப் போயிரும். கீழ ஜன்னல் வழியா நல்ல காத்து வரும். இப்பச் செலவக் குறைக்கணும்னா மொதல்ல அதைத்தான் வெட்டுறாங்க."

நம் நாட்டுப் பொதுச் சுகாதாரப் பாடத்தில் பள்ளிக்கூடத்துக்கு என்று அளவுகள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல் கூடாது. ஒருவருக்கு 10 சதுர அடிக்குக் குறையக் கூடாது. கதவும் ஜன்னலும் சேர்ந்து தரைப் பரப்பில் 25 சதவீதம் இருக்க வேண்டும். வெண்டிலேட்டர் 2 சதவீதம். ஜன்னல்கள் வேறு வேறு சுவர்களில் இருக்க வேண்டும். நம்முடைய 400 சதுர அடி அறைக்குக் கணக்குப் போட்டால் 100 சதுர அடி திறப்பு வேண்டும். அதாவது ஒரு கதவும், நாலுக்கு நாலு அளவில் ஐந்து ஜன்னலும். வெண்டிலேட்டருக்கு 8 சதுர அடி. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் ஒரு டேப்பைப் பிடித்து அளந்து பாருங்களேன்!

இது புதுசு ஒன்றும் இல்லை. நம் பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குச் சுவரே குறைவு. 1901இல் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கி மரத்தடியில் பாடம் நடத்த வைத்தார். 1904இல் பெர்லின் பக்கத்தில் நோஞ்சான் பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள்ளேயே திறந்தவெளிப் பள்ளி நடத்தினார்கள். பக்கா கட்டடம் வந்ததும் காற்றுக்குத்தான் முதலில் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

சுற்றுகிற ஃபேன் காற்று தருமா?

"அதான் ஃபேன் ஓடுதே!" என்பார்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். சீலிங் ஃபேன் வெளியிலிருந்து ஒரு பிடி காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது. உள்ளே இருப்பதையே கலக்கிக் கலக்கிக் கொடுக்கும். வியர்வை காயும், சுகமாக இருக்கும், காற்று மட்டும் அதே பழைய காற்று. ஸ்பிளிட் ஏ.சி.யும் அப்படித்தான். குளிர வைக்குமே தவிரக் காற்றை மாற்றாது.

நம் 40 பேர் அறையில் 1,000 பி.பி.எம். தாண்டாமல் இருக்க வேண்டுமானால், முழு அறைக் காற்றும் மணிக்குச் சுமார் 9 தடவை மாற வேண்டும். மின்சாரம் இல்லாமல் இதைச் செய்ய எதிரெதிர் ஜன்னலால்தான் முடியும்.

நம்பாதவர்களுக்கு ஒரு ரூபாய்ச் சோதனை. நானும் என் தோழியும் எங்கள் வகுப்பில் செய்து பார்த்தோம். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலை எல்லாம் மூடி, நடு அறையில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை நேராக மேலே போய் அங்கேயே சுருண்டு நின்றது. ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்தோம். கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்ததும் புகை அப்படியே சாய்ந்து, யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி வெளியே ஓடியது. அப்பாவின் பின்வாசல் கதை கண் முன்னால் நடந்தது!

அம்மாவின் விளக்குமாறு

என் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர். பதினோரு வருடமாகக் கூட்டுகிறார். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வகுப்பறைக்குள் போவார். வருடத்தில் பாதி நாள் இருமல்.

"நான் கூட்டி முடிச்சு அரை மணி நேரம் ஆனாலும் தூசி அடங்காது புள்ள. அதுக்குள்ள மணி அடிச்சு, பிள்ளைகள் ஓடி வந்து உக்காந்துரும். நான் எழுப்பிவிட்ட தூசியை அதுக பூராக் குடிக்கும். மனசு கேக்கல."

இதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. பெரிய மண் துகள் உடனே தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண் துகள் மணிக்கணக்கில் மிதக்கும். அதில் சிறியது நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். வீசிங் உள்ள பிள்ளைக்கு அது போதும். காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் உலர்ந்த தரையைக் கூட்டுவது தூசியை வெளியேற்றுவது ஆகாது. தரையில் கிடந்ததை மூக்குக்கு ஏற்றி வைப்பதுதான்.

அம்மாவே ஒரு நாள் தலைமையாசிரியை அம்மாவிடம் போய்ச் சொன்னார். காலைக்குப் பதிலாக மாலையில் பள்ளி விட்டதும் கூட்டுகிறேன், தண்ணீர் தெளித்துக் கூட்டுகிறேன், ராத்திரி முழுக்கத் தூசி அடங்கட்டும், காலையில் ஈரத்துணியால் பெஞ்சை மட்டும் துடைக்கிறேன் என்றார். அவர்களும் சரி என்றார்கள். இப்போது அப்படித்தான் நடக்கிறது. மாலையில் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வேலை கூடிவிட்டது. சம்பளம் மட்டும் அதே சம்பளம்தான். அதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் பள்ளிக்கூடத்துக் காற்றைச் சுத்தமாக வைத்திருக்கிறவர்களின் பெயர் எந்த ஆண்டறிக்கையிலும் வருவதில்லை.

திறந்தால் மட்டும் போதுமா?

போதாது. ஜன்னலுக்கு வெளியே குப்பை எரிந்தால்? திறந்தால் கேடுதான். 2016 நவம்பரில் தில்லியில் புகைமூட்டம் தாங்காமல் பள்ளிகளையே சில நாள் மூடினார்கள். நம் நாட்டு விதிப்படி 2.5 மைக்ரானுக்குக் குறைவான நுண் துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவோ 15தான். ஆகவே வெளிக்காற்றும் நம் பொறுப்புதான். பள்ளி வளாகத்தில் சருகையும் காகிதத்தையும் கொளுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும்.

வெளியே புகை இருக்கும் இடத்துக்கும் ஒரு வழி உண்டு. 2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இரண்டு பேர், ஒரு பெட்டி ஃபேனைச் சுற்றி ஃபில்டர் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி, காற்றைச் சலிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து காட்டினார்கள். பிறகு பல பள்ளிகளில் மாணவர்களே செய்தார்கள். இதற்குப் பட்டறையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். நம் டிப்ளமா கைகளுக்குச் சரியான புராஜெக்ட்! ஆனால் இது தூசியையும் கிருமியையும் பிடிக்குமே தவிர, கரியமில வாயுவைப் பிடிக்காது. ஆகவே ஜன்னலை ஒரேயடியாக மூடிவிட முடியாது.

நம்மால் முடிந்தவை

1. முதல் மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். ரோட்டுச் சத்தம் தாங்கவில்லை என்றால் பீரியடுக்குப் பீரியட் இடைவெளியிலாவது திறக்க வேண்டும்.

2. வகுப்புத் தலைவர் போல 'ஜன்னல் தலைவர்' ஒருவரை வாரம் ஒருவராக நியமிக்கலாம். எல்லோர் வேலையும் யாருடைய வேலையும் இல்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

3. கூட்டுவது மாலையில், ஈரம் தெளித்து. டஸ்டரை வகுப்புக்குள் தட்டக் கூடாது. வெளியே கொண்டுபோய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தட்ட வேண்டும். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் நல்லது.

4. கொசுவலை அடித்த ஜன்னலில் வலையை அடிக்கடி கழுவ வேண்டும். தூசி அடைத்த வலை, சுவர் மாதிரிதான்.

5. மழைக்காலத்தில் சுவர் ஊறிப் பூஞ்சை பூத்தால் அதன் மேல் வெள்ளை அடித்து மறைக்கக் கூடாது. ஒழுகும் இடத்தை முதலில் அடைக்க வேண்டும்.

6. புது வர்ணம் அடித்த அறையில் வாடை போகும் வரை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளைகளை வேறு இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

7. கல்நார் கூரை உள்ள இடத்தில் ஓட்டை போடுவதும், உடைந்த துண்டை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டுவதும் கூடாது. அந்த இழை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

இதில் எதற்காவது பெரிய பட்ஜெட் வேண்டுமா சொல்லுங்கள்?

இறுதியாக...

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றினார்கள். தீ கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் சட்டம் வந்தது. கெட்ட காற்று கண்ணுக்குத் தெரியாது. அது யாரையும் ஒரே நாளில் கொல்வதில்லை. மெல்ல மெல்லத் தலைவலியாக, இருமலாக, லீவு லெட்டராக, குறைந்த மார்க்காக, "எனக்குப் படிப்பு ஏறல" என்ற வார்த்தையாக வெளியே வருகிறது. அதற்கு யாரும் விசாரணைக் கமிஷன் வைப்பதில்லை.

அமைப்பியல் படிக்கும் நாம் நாளைக்கு எஸ்டிமேட் போடப் போகிறவர்கள். செலவைக் குறைக்கச் சொல்லி நம்மிடமும் வருவார்கள். அப்போது எதை வேண்டுமானாலும் குறைப்போம், வெண்டிலேட்டரைக் குறைக்க மாட்டோம் என்று இன்றைக்கே முடிவு செய்துகொள்வோம். மற்றத் துறை நண்பர்கள் அவரவர் படித்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு தடவை போய், ஒரே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டிவிட்டு வாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இந்த மாணவியின் பணிவான விண்ணப்பம் ஒன்றே ஒன்று. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை கண் சொருகி உட்கார்ந்திருந்தால், அதன் அப்பா என்ன படித்தார் என்று பார்ப்பதற்கு முன்னால் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அறிவு எந்த வீட்டிலும் பிறக்கும். அது மூச்சுவிடக் காற்று வேண்டும்.